எல்லாவற்றுக்கும் ஆம்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் நகல். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மாடிப்படியில் யார் எதிர்ப்பட்டாலும் சௌக்கியமா என்று கேட்கமாட்டான், "நகல் எடுத்து வச்சியா?" என்றுதான் கேட்பான். ஒரு பெரிய அச்சகத்தின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்க்கிற வேலை. எவனாவது ஃபைலைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால் போதும், இவன் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், பார்க்கச் சகிக்காது. "நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?" என்று ஒரு பாட்டம் உபதேசம் செய்துவிட்டுத்தான் ஃபைலை மீட்டுக் கொடுப்பான்.

அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குக் காலையில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். அவன் மனைவி மொத்த காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவள். "வெங்காயம், வெங்காயம்" என்று அவள் இந்தக் கேட்டில் நின்று கூவினால், அந்தக் கேட்டில் லாரிக்காரர்கள் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவார்கள். விலை, கேலி, வசவு மூன்றும் ஒரே மூச்சில் வரும். அந்தத் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், எடுத்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் பேச்சு வராது, கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் மூச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. "என் வாயை அடைக்க ஊருல எத்தனை பேர் ஆசைப்பட்டாங்க, கடைசியில இந்த டாக்டருக்குக் குடுத்து வச்சிருக்கு" என்றாள். அழுதவன் இவன்தான். அழுது முடித்துவிட்டு அலைந்து விசாரித்ததில் ஒரு குரல் கூடம் இருப்பது தெரிந்தது. அவர்கள் கொடுக்கிற வாக்கியங்களை ஆபரேஷனுக்கு முன்னால் வாசித்துப் பதிந்து கொடுத்துவிட்டால், அவளுடைய குரலிலேயே பேசுகிற ஒரு சின்னக் கருவியைச் செய்து தருவார்கள். விரலால் எழுதினால் போதும், அது அவளாகப் பேசும்.

வாக்கியங்கள் ஆயிரத்துக்கு மேல். படுக்கையறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து வாசித்தாள். 'நீல நிறக் குடை மேசைக்கு அடியில் கிடக்கிறது.' 'ஏழு வாத்துகள் ஏரியைக் கடந்தன.' "யாருய்யா இதையெல்லாம் உக்காந்து எழுதறது? வாத்து எங்க போனா எனக்கென்ன?" என்று நடுநடுவே சண்டைக்கு வருவாள். வாத்துகளைக்கூட ஏலம் விடுகிற ராகத்தில்தான் வாசித்தாள். தொண்டை கரகரத்தபோது வெந்நீரைக் குடித்துக் குடித்து, கடைசி வாக்கியத்தையும் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டினாள்.

பதிந்ததை அன்றன்றைக்கே அனுப்பித் தொலைத்திருக்கலாம். இவனுக்குத்தான் எதிலும் ஒரு நொட்டை சொல்ல வேண்டுமே! அங்கே நாற்காலி முனகுகிறது, இங்கே தெருவில் ஹாரன் கேட்கிறது, நானே சுத்தம் செய்து ஒரே கட்டாக அனுப்புகிறேன் என்று வைத்துக்கொண்டான். "பத்திரமா இருக்குமாய்யா?" என்று அவள் கேட்டாள். "என்கிட்டயா கேக்கற?" என்று சிரித்தான்.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு பழைய லினக்ஸ் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் சரக்கு, மற்றதில் அதன் நகல். பெட்டி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இரண்டு வேலைகள் தானாக நடக்கும்படி எழுதி வைத்திருந்தான். முதல் வேலை, டிஸ்க்கைச் சோதிப்பது. எந்தப் பெயருள்ள ஃபைல் எந்த இடத்தில் கிடக்கிறது என்று டிஸ்க் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். திடீரென்று கரண்ட் போனால் அந்தக் கணக்கு குளறுபடியாகிவிடும். சோதிக்கிற புரோகிராம் அதை ஆதியோடந்தமாகப் பார்த்து, பிழை கண்ட இடத்தில் நின்று, சரிசெய்யவா, அழிக்கவா என்று கேட்கும். ஆமா, இல்லையா என்று ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் இவன் வெளியே போயிருந்தபோது அது அவளைக் கேட்டுவிட்டது. சந்தையிலிருந்து களைத்து வந்தவள் பாட்டுக் கேட்கலாம் என்று பெட்டியைப் போட்டால், கறுப்புத் திரையில் கேள்விமேல் கேள்வி. ஃபோனில் இவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "யோவ், உன் பெட்டி என்னை விசாரணை பண்ணுதுய்யா! நான் என்ன திருடியா?" அன்றைக்கே இவன், எதைக் கேட்டாலும் ஆம் என்றே வைத்துக்கொள் என்று அதற்கு உத்தரவு போட்டுவிட்டான்.

இரண்டாவது வேலை, முதல் டிஸ்க் எப்படியோ அப்படியே இரண்டாவதை ஆக்குவது. அங்கே சேர்ந்தது இங்கேயும் சேரும். அங்கே இல்லாதது இங்கேயும் இருக்கக் கூடாது.

ஆபரேஷன் நடந்த நாட்களில் வீடு பூட்டிக் கிடந்தது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. முதல் டிஸ்க் கிழடு, உள்ளுக்குள் எங்கோ தேய்ந்துபோயிருந்தது. பெட்டி எழுந்து, சோதித்து, குரல் ஃபோல்டரின் கணக்கை வாசிக்க முடியாமல் திணறி, அழிக்கவா என்று கேட்டு, ஆம் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டது. அப்புறம் கடமை தவறாமல் அந்த வெறுமையை இரண்டாவது டிஸ்க்கிலும் நகல் எடுத்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கியங்களை அனுப்பிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்கு வந்தவன் பார்த்தது, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி காலியாக இருந்த ஒரு ஃபோல்டரை.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அவள் தம்பி, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறவன்.

"மாமா, அக்கா கண்ணு முழிச்சு உக்காந்துட்டா. பலகையில எழுதிக் காட்டறா. 'என் குரலை அனுப்பிட்டாரா?'ன்னு."

"சொல்லு மாப்ள, அனுப்பிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு."

"சிரிக்கறா மாமா. 'முதல் வேலையா டாக்டரைத் திட்டணும்'னு எழுதறா."

ஃபோனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்தபிறகுதான் கொஞ்சம் புத்தி வந்தது. பெயரை இழந்த ஃபைல்களை அந்தப் புரோகிராம் வீசி எறிந்துவிடாது. லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்று, நகலில் சேராத ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும், பஸ் நிலையத்தில் விட்டுவிட்டுப் போன குடைகளையும் பைகளையும் ஓர் அறையில் போட்டுவைப்பார்களே, அந்த மாதிரி. பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். திறந்து பார்த்தான். நம்பர், நம்பர், நம்பர், திரை கொள்ளாமல் நம்பர்! "வந்துட்டியா கண்ணு" என்று வாய்விட்டே சொன்னான். ஒன்றைத் தட்டினான்.

டிஸ்க் கடக், கடக் என்றது. திரை உறைந்தது. இன்னொன்றைத் தட்டினான். மறுபடி கடக், கடக். சாகப்போகிற டிஸ்க்கின் சத்தம் அது, தொழில் தெரிந்தவர்கள் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொள்வார்கள். இனி ஒவ்வொரு முறை தொடுவதும் அதன் ஆயுளைக் குறைப்பதுதான்.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அச்சகத்தில் அவன் நாள் தவறாமல் முழங்கிக்கொண்டிருந்தான். சாகிற டிஸ்க்கில் எதையும் சரிசெய்யக் கூடாது. முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொன்றுக்கு நகல் எடு, பிறகு நகலை வைத்துக்கொண்டு மாரடி. நல்ல விதிதான். இன்னொரு டிஸ்க்கும் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது, அதே பெட்டிக்குள், குரல் இல்லாததால் அவனுக்குக் காலியாகவே தெரிந்த ஒன்று. முதல் டிஸ்க்கை இரண்டாவதின்மேல் எழுதும்படி கட்டளையைத் தட்டினான். எது எதன்மேல் என்று மூன்று தடவை சரிபார்த்தான், அவ்வளவு கவனம்! ஓட விட்டுவிட்டு, வரும் வழியில் வாங்கிய பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, முகம் கழுவப் போனான்.

முகத்தில் சோப்பு நுரையோடு நின்றபோது உறைத்தது.

இரண்டாவது டிஸ்க் நல்ல டிஸ்க். அதில் நடந்தது சேதம் இல்லை, அழிப்பு. அழித்தால் கணக்கிலிருந்து பெயர் அடிபடுமே தவிர ஃபைல் அங்கேயேதான் கிடக்கும், அதன்மேல் வேறு எதையாவது எழுதுகிறவரை. ஆயிரத்துச் சொச்ச வாக்கியங்களும் ஒரு கீறல்கூட இல்லாமல் அந்த நல்ல டிஸ்க்கில் படுத்துக் கிடந்தன. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் போதும். அதன்மேல்தான் இந்த மகராசன் ஒரு சாகிற டிஸ்க்கை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். கிடைத்த கடைசி வழியில் தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டான்.

கண்ணில் சோப்போடு ஓடினான். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான். கட்டளையை நிறுத்த இரண்டு விசைகளை அழுத்தினால் போதும், சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

மறுபடி போட்டபோது முதல் டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. கடக் என்று ஒரு தடவை சொன்னது, அவ்வளவுதான். செல்லமாகத் தட்டிப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான், கெஞ்சினான். "ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை" என்று ஒரு இரும்புத் துண்டின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அது போனது போனதுதான்.

மிச்சம் இருந்தது இரண்டாவது டிஸ்க் மட்டும். அதில் முன்பாதி செத்ததின் நகல், பின்பாதி அதனுடைய பழைய சரக்கு. கடைக்கு ஓடிப் புது டிஸ்க் வாங்கி வந்தான். கடைக்காரன் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், உடம்பு சரியில்லையா? கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்றான். இந்த முறை நகலை முறையாக எடுத்தான். அது முடிய மறுநாள் காலை ஆனது. அதுவரைக்கும் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை, பாத்ரூமுக்குப் போனபோதுகூட ஒரு காதை இங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

பிறகு சோதனையைக் கையால் ஓட்டினான். எல்லாவற்றுக்கும் ஆம் என்ற உத்தரவை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க வைத்தான்.

இந்த ஃபைலுக்குப் பெயர் இல்லை, சேர்த்துக்கொள்ளவா? ஆம். ஆம் ராசா, சேர்த்துக்கொள். இந்த ஃபைலின் நீளம் தவறு, திருத்தவா? ஆம். இந்த இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடுகின்றன, பிரித்துக் கொடுக்கவா? அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி டிஸ்க் முழுக்க அந்தச் சண்டைதான். யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவனுக்கு நஷ்டம். ஆம் என்று அடித்தான். இதன் உள்ளடக்கம் வாசிக்க முடியாதது, அழிக்கவா? அந்தக் கேள்வி வந்தபோது விரல் நகரவில்லை. இல்லை என்றால் மேற்கொண்டு போக முடியாது. ஆம் என்றால் ஒரு வாக்கியம் போகும். எந்த வாக்கியம் என்றுகூட அது சொல்லாது. குடையா, வாத்தா, யார் கண்டது? கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். அடுத்தது. அழிக்கவா? அழுத்தினான். அழிக்கவா? அழுத்தினான். ஒரு கட்டத்தில் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே அழுத்திக்கொண்டிருந்தான்.

கணக்கே இல்லாத பின்பாதியையும் தோண்டிப் பார்த்தான். எல்லாம் முடிந்தபின் லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் சேர்ந்ததைக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். முக்கால்வாசி வெறும் இரைச்சல். சிலதில் அரை வார்த்தை. 'நீல நிற' என்று தொடங்கி இரைச்சலில் மூழ்கியது ஒன்று. ஒன்றில் அவள் வாக்கியத்தை வாசிக்கவே இல்லை, "ஃபேனைப் போடுய்யா, செத்துருவேன் போல" என்று கத்தினாள். முழுசாகத் தேறியவை ஒரு கைப்பிடி.

குரல் கூடத்துக்கு ஃபோன் போட்டான். அங்கே பொறுப்பில் இருந்த பெண் அவன் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"இவ்வளவு கொஞ்சத்தை வச்சு முடியாதுங்க சார்."

"ஏதாவது பண்ணுங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. பண்ண முடியும், பேசவும் பேசும். ஆனா அவங்க மாதிரி இருக்காது. வேற யாரோ பேசற மாதிரி இருக்கும். அதைக் கேட்டா அவங்களுக்கு இன்னும் கஷ்டம்."

"திரும்பப் பதியலாமான்னு..." என்று ஆரம்பித்தவன், தான் என்ன கேட்க வந்தோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டான். அந்தப் பெண், "வீட்ல வேற எங்கயாவது அவங்க பேசினது இருக்கா சார், ஃபோன்ல, கல்யாண வீடியோவுல?" என்று கேட்டாள். இருந்தது எல்லாம் சந்தை இரைச்சலும் மேளச் சத்தமும்தான். அவளை உட்காரவைத்துப் பேசச் சொல்லி யார் பதிந்தார்கள்? வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த குரலை எதற்குப் பதிய வேண்டும்?

மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். பொய் சொல்லலாமா என்று பஸ்ஸில் ஒரு யோசனை ஓடியது. கூடத்துக்காரர்கள் தாமதம் செய்கிறார்கள் என்று ஒரு மாதம் ஓட்டலாம். அதற்கப்புறம்? வார்டு வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு, நடுவில் குழாய். தம்பி பக்கத்து ஸ்டூலில். இவனைப் பார்த்ததும் மடியில் இருந்த வெள்ளைப் பலகையைத் தூக்கிக் காட்டினாள். முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள்: 'கொண்டு வந்தியா?'

"இல்லம்மா" என்றான். "போச்சு. எல்லாம் போச்சு. நான்தான் அழிச்சேன்."

அவள் புருவத்தை உயர்த்தினாள். விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டாள். அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னான். பெட்டி தானே ஆம் சொன்னதை, இரண்டாவது டிஸ்க்கும் காலியானதை, அதில் எல்லாம் பத்திரமாக இருந்ததை, அதன்மேல் தான் நகல் எடுத்ததை. அவளுக்கு டிஸ்க்கும் புரியாது, கணக்கும் புரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். தேறிய கொஞ்சத்தை ஃபோனில் வைத்திருந்தான், எடுத்து நீட்டினான். தட்டிவிட்டாள்.

பேனாவை எடுத்துப் பலகையில் ஏதோ எழுத ஆரம்பித்தாள். ஒரு எழுத்து, இரண்டு எழுத்து. அவள் கோபத்துக்கு அந்த வேகம் எந்த மூலைக்கு! பலகையைத் தூக்கி அவன் மார்பில் எறிந்தாள். வாயைத் திறந்தாள்.

திட்டத் தொடங்கினாள். ஒரு சத்தம் கிடையாது. உதடுகள் வெட்டி வெட்டிப் போயின, கை காற்றைக் கிழித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, குழாயில் மூச்சு மட்டும் உஸ் உஸ்ஸென்று இரைந்தது. அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்தது. முதலில் யோவ். பிறகு, உன்னைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டேன். பிறகு அவன் அம்மாவை இழுத்தாள், அடுத்து அவன் அக்காவை. அடுத்து அந்தப் பெட்டியை அன்றைக்கே தெருவில் வீசியிருக்க வேண்டும் என்றாள். எந்த வசவுக்குப் பிறகு எந்த வசவு வரும் என்று அவனுக்கு மனப்பாடம். ஆயிரம் வாக்கியம் வாசிச்சேனேய்யா, வெந்நீரைக் குடிச்சுக் குடிச்சு வாசிச்சேனேய்யா என்ற இடத்தில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்போதும் நிறுத்தவில்லை. எதிர்க் கட்டில் அம்மாள் படுக்கையிலிருந்து எம்பிப் பார்த்தாள். வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அவனுக்கு வழக்கம்போல் கூச்சமாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கடையில், பஸ்ஸில், சொந்தக்காரர் வீட்டில் என்று எங்கே அவள் வாயைத் திறந்தாலும் அவன் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அதையே செய்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையை அமர்த்திக் காட்டி, தாழ்ந்த குரலில் சொன்னான்:

"மெதுவாம்மா. சத்தம் போடாத. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் வாய் திறந்தபடி நின்றது. தம்பி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. "ஐயோ, இல்லம்மா, இல்ல" என்று அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "நீ பேசு. சத்தமாவே பேசு. யார் பாத்தா என்ன. திட்டும்மா, திட்டு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்துக்கு நேரே இழுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவன் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்று கண்ணைத் துடைத்துத் துடைத்து அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.